நீல நரியும் கால் கட்டிய கழுதையும்

(ஆக்லாந்தில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சுக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். "நாய், ஆடு, கழுதைன்னு என்னென்னமோ போட்டிருக்கீங்களே சார், பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார். தாராளமாக வாருங்கள் என்றேன். பின்வரிசையில் பிள்ளைகள் தெரிகிறார்கள். அதனால் இந்த ஊர்ப் பிராணி ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பெயரே தெரியாமல் நியூசிலாந்து முழுக்கப் புகழ்பெற்ற நாய் ஒன்று உண்டு. 1976 முதல் 1994 வரை இங்குள்ள நாளிதழ்களில் மர்ரி பால் வரைந்த 'ஃபுட்ராட் ஃப்ளாட்ஸ்' என்ற சித்திரத் தொடரின் கதாநாயகன் அது. ஆட்டின் குளம்பில் வரும் அழுகல் நோய்தான் ஃபுட்ராட். பண்ணையின் பெயரே அப்படி. கம்பூட்ஸ் மாட்டிய விவசாயி வால், அவனுடைய ஆட்டு நாய், பார்த்தாலே பயம் வருகிற ஹார்ஸ் என்ற பூனை. வாலின் அத்தை டாலி நாயைக் கொடுத்தபோதே அதற்கு ஒரு பெயரும் வைத்துத்தான் கொடுத்தாள். அந்தப் பெயர் நாய்க்கு மானக்கேடு. யாராவது வாய் திறந்து சொல்லப்போனால் போதும், ஏதாவது கலாட்டா செய்து பேச்சைக் கெடுத்துவிடும். பதினெட்டு வருடம் தொடர் ஓடியும் வாசகருக்கு அந்தப் பெயர் தெரியாது. நாய் என்றால் நாய், அவ்வளவுதான்.

இந்த நாயின் வேலை விசிலுக்கு ஓடுவது. வால் விசிலடித்தால் ஆட்டை மடக்க வேண்டும், அடுத்த விசிலுக்கு நிற்க வேண்டும். ஆனால் அதன் தலைக்கு மேலே எந்நேரமும் ஒரு சிந்தனைக் குமிழி. முதலாளியைப் பற்றி, முதலாளியின் ரக்பி ஆசையைப் பற்றி, பூனையைப் பற்றி, தன் கோழைத்தனத்தைப் பற்றி அதற்குள் ஓயாத விமர்சனம். பண்ணையில் ஒருவர் காதிலும் அது விழாது, படிக்கிற நமக்கு மட்டும் கேட்கும். உடம்பு விசிலுக்கு ஓடுகிறது, மனசு தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்து எழுந்த எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொடர் வந்துகொண்டிருந்த அதே காலத்தில் இங்கே தொலைக்காட்சியில் 'எ டாக்ஸ் ஷோ' என்று ஒரு நிகழ்ச்சி. ஆட்டு நாய்களுக்கான போட்டி. மலைச்சரிவில் ஒரு மேய்ப்பர், ஒரு நாய், சில ஆடுகள். நாய் எவ்வளவு சுத்தமாக விசிலுக்குக் கீழ்ப்படிகிறதோ அவ்வளவு மதிப்பெண். நாட்டு ஜனம் குடும்பத்தோடு உட்கார்ந்து இதைப் பார்த்தது. கீழ்ப்படிகிற நாயைத் திரையில் பார்த்துக் கைதட்டியவர்களே, கீழ்ப்படிந்துகொண்டே முணுமுணுக்கிற நாயைப் பேப்பரில் தேடித் தேடிப் படித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊர் மனசு பிடிபடும். ஒருவர் தலை மற்றவர்களைவிட உயர்ந்து தெரிந்தால் தட்டி வைக்கிற 'டால் பாப்பி' வழக்கம் உள்ள ஊர் இது. தன் பெயரையே வெளியே விடாத நாய் இங்கே நாயகன் ஆனதில் ஆச்சரியமில்லை.

1986இல் இது படமாக வந்தது. 'ஃபுட்ராட் ஃப்ளாட்ஸ்: தி டாக்ஸ் டேல்'. நியூசிலாந்தின் முதல் முழுநீள அனிமேஷன் படம். இயக்கம் மர்ரி பாலே. வாலுக்குக் குரல் ஜான் கிளார்க், நாய்க்குப் பீட்டர் ரௌலி, இசை டேவ் டாபின். பாட்டெல்லாம் இன்றைக்கும் ரேடியோவில் வருகிறது. எனக்கு ஒரு குறை உண்டு. பேப்பரில் அந்த நாய் எதையும் நிரூபிக்கவில்லை. பயந்தது, ஒளிந்தது, சாப்பிட்டது, மறுநாளும் வேலைக்கு வந்தது. முழுநீளப் படமென்று ஆனதும், தான் கோழை இல்லை என்று அது நிரூபித்தே தீர வேண்டியதாகிவிட்டது. திரைக்கு வருகிற பிராணிகளுக்கெல்லாம் இந்தக் கதிதான். சும்மா இருக்க விடமாட்டார்கள்.

'ஹேப்பி ஃபீட்' பாருங்கள், 2006இல் ஜார்ஜ் மில்லர் ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்தது. எம்பெரர் பென்குயின் கூட்டத்தில் பாடத் தெரிந்தால்தான் மரியாதை, துணை, எல்லாம். மம்பிள் என்ற குஞ்சுக்குப் பாட்டு வரவில்லை, கால் மட்டும் தாளம் போடுகிறது. மீன் குறைந்துபோனதற்கு இவனுடைய ஆட்டம்தான் காரணம் என்று மூத்த பென்குயின்கள் பழிபோட்டு விரட்டுகிறார்கள். கடைசியில் அந்த ஆட்டம்தான் மனிதர்களின் கவனத்தைத் திருப்பி மீன்பிடிப்பை நிறுத்த வைக்கிறது. கூட்டம் பிழைக்கிறது, மம்பிளை ஏற்றுக்கொள்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் ஆட்டத்தால் ஒரு மீனும் திரும்பாமல் போயிருந்தால்? அப்போதும் அவனை ஏற்றிருப்பார்களா? அந்தக் கேள்வியின் பக்கமே படம் போகாது. 'பேப்' படத்துப் பன்றியும் ஆட்டு நாய்ப் போட்டியில் ஜெயித்த பிறகுதான் தப்பிக்கிறது. இந்தப் படங்கள் சொல்கிற 'நீ நீயாக இரு' என்பதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: நீ நீயாக இருப்பதால் எங்களுக்கு ஏதாவது லாபம் இருக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் தினமும் இதைத்தான் சொல்கிறார்கள், நீ நீயாக இரு என்று. வீட்டுக்கு வந்தால் நாம் வேறொன்று சொல்கிறோம். அது என்ன என்று நான் சொல்லவேண்டாம், பின்வரிசையில் இப்போதே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் குறை சொல்கிறோம். பயன்பட்டால்தான் மதிப்பு என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

'ஹேப்பி ஃபீட்' வந்து ஐந்து வருடத்தில் நிஜ எம்பெரர் பென்குயின் ஒன்று இந்த நாட்டுக்கு வந்தது. 2011 ஜூன் மாதம், வெலிங்டனுக்கு வடக்கே காபிடி கடற்கரையில் பெக்கா பெக்கா என்ற இடத்தில் கரையேறி நின்றது. அன்டார்க்டிக்காவில் இருக்க வேண்டியது, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்துவிட்டது. தாகத்துக்குப் பனி தின்று பழகிய பிராணி, பனி என்று நினைத்து மணலைத் தின்றது. வெலிங்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோய் வயிற்றிலிருந்த மணலை எடுத்தார்கள். பத்திரிகைகள் அதற்குப் படத்தின் பெயரையே வைத்துவிட்டன: ஹேப்பி ஃபீட். உலகம் முழுக்கச் செய்தி.  அதுவோ வெறுமனே வழி தவறி வந்த பறவை. செப்டம்பரில் 'டங்காரோவா' என்ற ஆய்வுக் கப்பலில் ஏற்றித் தெற்குக் கடலில் விட்டார்கள். உடம்பில் ஒட்டிய டிரான்ஸ்மிட்டர் சில நாளில் சத்தமில்லாமல் போயிற்று. கருவி கழன்று விழுந்ததா, பறவையை ஏதாவது தின்றதா, யாரும் அறியார். படம் பார்த்த கண்ணால் பிராணியைப் பார்ப்பதில் இருக்கிற ஆபத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆட்டுக்கும் இதே கதை. ஷ்ரெக் என்ற மெரினோ ஆட்டை இந்த நாட்டில் தெரியாதவர் கிடையாது. தெற்குத் தீவில் சென்ட்ரல் ஒட்டாகோவின் பெண்டிகோ பண்ணையைச் சேர்ந்தது. ஆறு வருடம் கம்பளி கத்தரிக்கிறவர் கையில் சிக்காமல் குகைகளில் ஒளிந்து திரிந்து, 2004 ஏப்ரலில் பிடிபட்டது. முகமே தெரியவில்லை, நான்கு காலில் நடக்கிற ஒரு மெத்தை. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பாகக் கத்தரித்தார்கள். இறங்கியது 27 கிலோ கம்பளி. சாதாரண மெரினோவுக்கு நாலரைக் கிலோ கிடைக்கும். அடங்காத ஆடு என்று நாடே கொண்டாடியது, நாடாளுமன்றத்துக்கு அழைத்துப்போய்ப் பிரதமர் ஹெலன் கிளார்க்கைப் பார்க்க வைத்தார்கள். பத்தாவது பிறந்தநாளுக்கு டனிடின் கடலோரம் மிதந்து வந்த பனிப்பாறை மேல் ஏற்றி மறுபடியும் கத்தரித்தார்கள். கத்திரிக்குத் தப்பி ஓடியதற்குப் பரிசு, உலகம் பார்க்கக் கத்திரி.

ஆட்டு மந்தை என்று யாரையாவது திட்டும்போதெல்லாம் எனக்கு இந்த ஆக்லாந்தின் கார்ன்வால் பார்க் ஞாபகம் வரும். ஊர் நடுவில் ஆடு மேய்கிற இடம் உலகத்தில் எத்தனை நகரத்துக்கு வாய்க்கும்? அங்கே ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். மேயும்போது ஒவ்வொரு ஆடும் தன்பாட்டுக்குத்தான் மேய்கிறது. ஒன்று வேலியோரம், ஒன்று மரத்தடி, ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக. மந்தை என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை. தூரத்தில் ஒரு நாய் தெரியட்டும், அடுத்த நொடி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அப்போதும் சும்மா ஒட்டுவதில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததை வெளியே தள்ளிவிட்டு நடுவில் நுழையப் பார்க்கிறது. இதை 1971இல் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் கணக்குப் போட்டே காட்டினார். ஓரத்தில் நிற்கிறதைத்தான் வேட்டைப் பிராணி தூக்கும், ஆகவே ஒவ்வொன்றும் தன் உயிருக்காக நடுவே நகர்கிறது, அந்த நகர்தலே மந்தையாகிறது என்றார். மந்தைக்குள் இருப்பது முழுக்கத் தனித்தனி உயிர்ப்பயம்தான். நாய் இல்லாவிட்டால் மந்தையும் இல்லை.

இந்த நாயைத்தான் பெரும்பாலான படங்கள் காட்டுவதில்லை. கூட்டம் முட்டாள், நாயகன் அறிவாளி, அதோடு கதை முடிந்தது. கூட்டத்தைக் கூட்டமாக்கியது யார்? விசில் யார் வாயில், கயிறு யார் கையில்? நான் ஒரு பிராணிப் படத்தை எடைபோடுவது இதை வைத்துத்தான்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன்.

பஞ்சதந்திரத்து நீல நரி எல்லாருக்கும் தெரியும். பாட்டி சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் பாடப் புத்தகம் சொல்லியிருக்கும். நாய்கள் துரத்த ஊருக்குள் ஓடிய நரி நீலச் சாயத் தொட்டியில் விழுகிறது. காட்டுக்குத் திரும்பினால் சிங்கமும் புலியும் அதைக் கண்டு நடுங்குகின்றன. தெய்வம் அனுப்பிய ராஜா என்று சொல்லிக்கொண்டு அரியணையில் ஏறுகிறது. ஏறியதும் செய்த முதல் காரியம், தன் இனத்து நரிகளையெல்லாம் காட்டை விட்டுத் துரத்தியது. ஒருநாள் தூரத்தில் நரிகள் ஊளையிட, இதற்கும் மயிர் சிலிர்த்து, தன்னை மறந்து ஊளையிட்டுவிடுகிறது. சாயம் வெளுத்தது, சிங்கம் அடித்துக் கொன்றது.

சொந்தக்காரர்களைத் துரத்தியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டுக்கு வந்த நமக்கு அந்த இடம் கொஞ்சம் உறுத்தவும் செய்யும். ஆனால் கதை அதற்காகவா நரியைக் கொல்கிறது? நரியாகப் பிறந்தது ராஜாவாக உட்கார்ந்ததற்காகக் கொல்கிறது. சிங்கம் எதற்காக ராஜா, அதற்கு யார் பட்டம் கட்டினார்கள் என்று கதையில் யாரும் கேட்பதில்லை. ராஜகுமாரர்களுக்கு நீதி சொல்ல எழுந்த நூல், அதில் வேறெதை எதிர்பார்க்க முடியும்? புலித்தோல் போர்த்திய கழுதைக்கும் அதே முடிவு. நம் பழைய பிராணிக் கதைகளில் பாதி, பிறந்த இடத்திலேயே இரு என்று சொல்கிற கதைகள். கேட்டவர்களில் யாருக்கு அது சொல்லப்பட்டதோ அவர்களுக்கு அது புரிந்தும் இருந்தது.

சினிமா வந்ததும் தேவர் பிலிம்ஸ் யானையையும் ஆட்டையும் திரைக்குக் கொண்டுவந்தது. சின்னப்பா தேவரின் 'நல்ல நேரம்', 'ஆட்டுக்கார அலமேலு' எல்லாம் நானும் விசிலடித்துப் பார்த்தவைதான். அந்தப் பிராணிகளுக்கு எசமான விசுவாசத்தைத் தவிர வேறு குணம் கிடையாது. இந்தியில் வந்த 'ஹாத்தி மேரே சாத்தி'யில் யானை உயிரையே கொடுக்கிறது. மனுஷன் கைவிட்டாலும் மிருகம் கைவிடாது என்று நாமும் அழுதோம். அது போதும் அதைப் பற்றி.

இந்த வழக்கத்தில் முதல் உடைப்பு என்று நான் நினைப்பது 2011 பொங்கலுக்கு வந்த வெற்றிமாறனின் 'ஆடுகளம்'. சேவல் சண்டையில் பேட்டைக்காரர் வைத்ததுதான் சட்டம். இந்தச் சேவல் தேறாது, அறுத்துவிடு என்கிறார். சிஷ்யன் கருப்பு அறுக்காமல் வளர்க்கிறான். குரு கைகழுவிய சேவலைக் களத்தில் இறக்கி ஜெயிக்கவும் செய்கிறான். வழக்கமான படம் அங்கே முடிந்திருக்கும். இதிலோ அங்கேதான் விஷம் ஏறத் தொடங்குகிறது. சிஷ்யன் ஜெயித்ததைப் பேட்டைக்காரரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சேவல் லாபமே கொண்டுவந்தது, ஆனாலும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. மம்பிளின் கதையைக் கவிழ்த்துப் போட்டது போல இருக்கிறது இது. பேட்டைக்காரராக நடித்தவர் நம் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன், நோர்வேயில் குடியேறியவர். தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் கவனிப்பும் அவருக்குக் கிடைத்தது.

அடுத்து மாரி செல்வராஜ். 2018இல் 'பரியேறும் பெருமாள்'. தொடங்கும்போதே கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டு ரயிலுக்குப் பலி கொடுக்கிறார்கள். நாய் செய்த குற்றம், இன்னாருடைய நாயாக இருந்தது. பரியன் சட்டக் கல்லூரிக்குப் போகிறான், அங்கே அவனுக்கும் அதே தண்டவாளம்தான் காத்திருக்கிறது. செத்த கருப்பி பிறகு திரும்பி வருகிறாள், நீல நிறத்தில். பரியன் முகத்திலும் நீலம். அம்பேத்கர் இயக்கத்தின் நிறம் அது. படத்தைத் தயாரித்த பா. ரஞ்சித்தின் நிறுவனத்தின் பெயரும் நீலம்தான். இயக்குநர் பஞ்சதந்திரத்தை நினைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நரி நினைவுக்கு வந்தது. இத்தனை நூற்றாண்டு சாயம் என்று கேலி செய்யப்பட்ட நிறம், இங்கே தோலின் நிறமாகவே வந்து நிற்கிறது. தன் ஆட்களைத் துரத்திவிட்டு ராஜாவாகவில்லை இந்த நாய், தன் ஆளை எழுப்பத்தான் வருகிறது.

'கர்ணன்' 2021 ஏப்ரலில் வந்தது. பொடியன்குளம் என்ற கிராமம், பஸ் நிற்காத ஊர். 1995இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளத்தில் போலீஸ் நடத்திய தாக்குதலை நினைவூட்டுகிற கதை. அந்த ஊரில் முன்னங்கால் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு கழுதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல, கழுதை தூரம் போய்விடக் கூடாதென்று காலைக் கட்டிவிடுவார்கள். அந்தக் கழுதை நடப்பதைக் கவனியுங்கள். நடையே இல்லை அது. இரண்டு முன்னங்காலையும் ஒன்றாகத் தூக்கி ஒரு தத்து, உடம்பு முன்னே விழப் பார்க்கிறது, பின்னங்கால் வந்து தாங்குகிறது, மறுபடி ஒரு தத்து. படம் அதை அவசரப்படாமல், மறுபடி மறுபடி காட்டுகிறது. பார்க்கப் பார்க்க நம் முழங்கால் வலிக்கிறது. ஊரார் யாரும் அதை அவிழ்ப்பதில்லை. கண்ணுக்குப் பழகிவிட்டது. கர்ணனுக்கும்கூடப் பழகித்தான் போயிருக்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏற்றாமல் பஸ் போகிற அன்று ஒரு சின்னப் பையன் கல்லெறிகிறான், ஊர் கொதிக்கிறது, கர்ணன் அன்றுதான் கழுதையின் கட்டை அறுக்கிறான். கழுதை ஓடுகிறது.

அந்தக் கழுதை ஊரை விட்டுப் பிரிந்த தனி நாயகன் இல்லை. அதற்குப் பாட்டு வராத குறையோ, ஆடத் தெரிந்த சிறப்போ எதுவும் கிடையாது. யாருக்கும் அது எதையும் நிரூபிக்கவில்லை, ஒரு மீனும் கொண்டுவரவில்லை. மற்ற எந்தக் கழுதையும் ஓடுகிற மாதிரிதான் ஓடுகிறது. கூட்டமா தனிமனிதனா என்று ஹாலிவுட் கேட்கிற கேள்வியே இங்கே எழுவதில்லை. கட்டு அறுந்தால் கழுதையும் ஓடும், ஊரும் நிமிரும். இரண்டும் ஒரே காரியமாகிவிடுகின்றன.

கழுதை என்றதும் இன்னொன்று. 'அனிமல் ஃபார்ம்' நாவலில் பெஞ்சமின் என்று ஒரு கழுதை உண்டு. எல்லாம் தெரிந்தும் எதிலும் கலந்துகொள்ளாத தனிக்கட்டை. 1954இல் லண்டனில் ஹாலாஸும் பேச்சலரும் அதை அனிமேஷன் படமாக்கியபோது, அந்தக் கழுதையே முன்னால் நின்று பன்றிகளின் ஆட்சியைக் கவிழ்ப்பதாக முடிவை மாற்றிவிட்டார்கள். படத்துக்குப் பணம் அமெரிக்க உளவுத்துறையிலிருந்து வந்தது என்பது பல வருடம் கழித்து வெளியானது. பாருங்கள், கழுதையின் புரட்சிக்குப் பின்னாலும் ஒரு விசில் இருந்திருக்கிறது.

மாரி செல்வராஜை இவ்வளவு பாராட்டிவிட்டு ஒரு சண்டையையும் போட்டுவிடுகிறேன். 2023இல் வந்த 'மாமன்னன்' படத்தில் வில்லன் ரத்னவேலு நாய் வளர்க்கிறான், நாயகன் அதிவீரன் பன்றி வளர்க்கிறான். ஆதிக்கத்துக்கு நாய், ஒடுக்கப்பட்டவருக்குப் பன்றி என்று இரண்டு பட்டியாகப் பிரித்து அடைத்தாயிற்று. பன்றிக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுகிற காட்சி எனக்கும் பிடித்தது, தமிழ்த் திரையில் நான் வேறெங்கும் பார்க்காதது. ஆனால் கருப்பியும் நாய்தானே? ஐந்து வருடத்துக்கு முன்னால் நம்மோடு தண்டவாளத்தில் கிடந்த நாய் எப்போது அவர்கள் வீட்டு நாயாயிற்று? கருப்பிக்கு வேட்டை இருந்தது, மோப்பம் இருந்தது, பரியனோடு ஒரு வாழ்க்கை இருந்தது. ரத்னவேலுவின் நாய்களுக்கு அவன் கொடுத்த வேலையைத் தவிர எதுவும் இல்லை. மர்ரி பாலிடம் அந்த நாய்களை ஒரு வாரம் விட்டிருந்தால் அவற்றின் தலைக்கு மேலேயும் ஒரு குமிழி போட்டிருப்பார். எசமானைப் பற்றி அவை என்ன நினைத்தன என்பது நமக்கும் தெரிந்திருக்கும்.

'மாமன்னன்' பிடித்துப்போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறேன். கேள்விகளைத் தொடங்கலாம். பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.